மெருகேறும் சுவரும் மெலியும் மூச்சும்



நம் இல்லங்களில் ஒரு திருமணத்திற்கு நாள் குறித்துவிட்டால், அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே தொடங்கிவிடும் வேலை ஒன்று உண்டு. சுவருக்கு வண்ணம் பூசுவதுதான் அது. வருகின்ற உறவினர் கண்ணுக்கு வீடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசையே. ஆனால் அந்தச் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாவதற்கு முன் நடக்கின்ற ஒரு வேலையை நாம் கவனிப்பதில்லை. பட்டி வைத்த சுவரைத் தேய்க்கும் வேலை அது. தேய்க்கும்போது பறக்கும் வெண்தூசியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறோம். அந்த அறையிலேயே நின்று தேய்ப்பவர் எங்கே போவார்?

இந்த மாதம் அந்தத் தூசியைப் பற்றியும், அது பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்து அடைக்கின்ற கருவியைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன். சுவர் வேலைக்கும் மதரஸா ஆசிரியருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு என் வீட்டிலேயே நேர்ந்தது. அதில் பிழை செய்தவனும் நானே.

பேரத்தில் விடுபட்ட பொருள்

சென்ற ஆண்டு என் மூத்த மகளின் நிக்காஹ் நெருங்கிய வேளையில், கூடத்தையும் மாடியறைகள் இரண்டையும் புதிதாகப் பட்டி வைத்து வண்ணம் பூச ஏற்பாடு செய்தேன். மேஸ்திரி வந்து அளந்து பார்த்துத் தொகை சொன்னார். நான் குறைத்துக் கேட்டேன். அவர் சிறிது இறங்கினார். நான் இன்னும் குறைத்தேன். இறுதியில் அவர், “சரிங்க அஜரத், நீங்க சொல்ற தொகைக்கே செஞ்சு தர்றேன். ஆனா தேய்க்கிற மிஷின் மட்டும்தான் வரும். வேக்குவம் வராது. பரவாயில்லையா?” என்று கேட்டார். வேக்குவம் என்பது வேலை முடிந்தபின் தரையைச் சுத்தம் செய்யும் கருவி போலும், பெருக்கிக்கொள்ள நம் வீட்டில் துடைப்பம் இல்லையா என்று எண்ணி, “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டேன். தொகையைக் குறைத்துவிட்ட மகிழ்ச்சி வேறு!

வேலை தொடங்கிய அன்று வீடு வீடாக இல்லை. உப்புத்தாளால் கையில் தேய்த்தால் எழும் தூசியைவிட, இயந்திரம் எழுப்பிய தூசி பன்மடங்கு. மூடிய கதவின் அடியில் நுழைந்து அலமாரித் துணிகளிலும், அடுப்படிப் பாத்திரங்களிலும், பின்கட்டு அறையில் படுத்திருந்த என் மாமியாரின் தலையணையிலும் அது படிந்தது. இளைப்பு நோய் உடைய அவர் அன்றிரவு முழுவதும் உட்கார்ந்தே கழித்தார்.

அவ்வேளையில்தான் என் மனைவியின் தம்பி வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அங்கே கட்டடங்களில் ஜிப்சம் பலகை கொண்டு அறைகள் பிரிப்பதும், அவற்றின் இணைப்புகளைத் தேய்த்து மெருகேற்றுவதும் அவர் தொழில். மாடிக்குச் சென்று பார்த்தவர் இறங்கி வந்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “மச்சான், அந்த மிஷினுக்குப் பின்னாலே குழாய் மாட்டுற வாய் ஒண்ணு இருக்கே, அது ஏன் சும்மா திறந்து கிடக்கு?”

என்னிடம் விடை இல்லை. அவர் தொடர்ந்தார்: “நான் வேலை செய்யிற இடத்திலே அந்தக் குழாயை மாட்டாம மிஷினைத் தொட விடமாட்டாங்க. அது தனிச் சாமான் இல்லை மச்சான். மிஷினோட பாதியே அதுதான்.”

அவர் அன்று எனக்கு விளக்கியதையும், அதன்பின் நான் படித்து அறிந்ததையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

பலகைச் சுவரும் நம் பட்டிச் சுவரும்

இந்த இயந்திரம் பிறந்தது நம் செங்கல் சுவருக்காக அன்று. மேலைநாடுகளில் வீட்டின் உட்சுவர்கள் பெரும்பாலும் பலகைகளால் ஆனவை. ஜிப்சம் என்னும் மென்மையான கனிமத்தை இரு தடித்த காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்தி அப்பலகைகளைச் செய்கின்றனர். காகிதத்தையும் சாந்தையும் அடுக்கிப் பலகையாக்கும் முறைக்கு அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-இல் காப்புரிமை பெற்றார். நீர் விட்டுக் குழைத்த சாந்தைப் பூசி, அது உலரும் நாள்வரை காத்திருக்கும் வேலையை இப்பலகை மிச்சப்படுத்தியது. இன்று வளைகுடா நாடுகளின் அலுவலகங்களிலும், நம் ஊர்க் கடைகளின் ‘ஃபால்ஸ் சீலிங்’ எனப்படும் கூரைத் தட்டிகளிலும் நாம் காண்பது இதைத்தான்.

இரு பலகைகள் சேரும் இடத்தில் கோடு தெரியும். திருகாணி முடுக்கிய இடத்தில் குழி தெரியும். கோட்டின்மேல் நாடா ஒட்டி, இணைப்புப் பட்டியை இரண்டு மூன்று முறை பூசி, உலர்ந்தபின் தேய்த்துச் சமப்படுத்துவர். நம் வீடுகளிலோ சிமெண்டுப் பூச்சின்மேல் சுவர் முழுவதற்குமே பட்டி வைக்கிறோம். ஆகவே அவர்கள் கோடுகளைத் தேய்க்கின்றனர். நாம் சுவரையே தேய்க்கிறோம். தூசி நமக்குத்தான் மிகுதி என்பதை எண்ணிப் பாருங்கள்.

தூசியில் என்ன இருக்கிறது?

அரிசி மாவு சலிக்கும் தாய்மார்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சல்லடையைத் தட்டும்போது பருமனான மாவு கீழே விழுந்துவிடுகிறது. ஆனால் சன்னல் வழியே வரும் வெயில் கற்றையில் நெடுநேரம் மிதந்துகொண்டே இருக்கும் துகள்களும் உண்டு. பட்டித் தூசியும் அவ்வாறே. கண்ணில் உறுத்தி மூக்கில் அடைப்பது பருந்தூசி. தும்மினால் அது வெளியேறிவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் நான்கைந்து கூறு அளவேயுள்ள நுண்தூசிதான் மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியது. அது நம் கண்ணுக்குத் தனித்துத் தெரிவதில்லை. அறை தெளிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் வேளையிலும் அது காற்றில் இருக்கிறது.

அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வு ஆய்வு நிறுவனமான ‘நியோஷ்’ 1999-இல் இந்தத் தேய்ப்பு வேலையைப் பற்றி ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. அந்நாட்டுச் சட்டம் ஒரு கன மீட்டர் காற்றில் 15 மில்லிகிராம் வரை மொத்தத் தூசியை அனுமதிக்கிறது. பலகைச் சுவரைத் தேய்ப்பவர்கள் சுவாசித்த காற்றில் அதைப்போல் பத்து மடங்கு வரை தூசி இருந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். இணைப்புப் பட்டியில் சுண்ணக்கல் தூள், மாக்கல் எனப்படும் டால்க், மைக்கா, ஜிப்சம் ஆகியவற்றோடு சிலவற்றில் சிலிக்காவும் கலந்திருக்கிறது. நெடுநாள் இத்தூசியைச் சுவாசிப்பவருக்குத் தொண்டை எரிச்சல், தீராத இருமல், சளி, ஆஸ்துமாவை ஒத்த மூச்சுத் திணறல் ஆகியவை வரலாம் என அந்நிறுவனம் சுட்டியது. சிலிக்கா கலந்திருந்தால் நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கும் புற்றுநோய்க்கும் இடமுண்டு. சுவாசிக்கும் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே வகைப்படுத்திவிட்டது.

அதே நியோஷ் ஆய்வில் நல்ல செய்தியும் ஒன்றுண்டு. கடைகளில் கிடைக்கும், உறிஞ்சி பொருத்திய தேய்ப்புக் கருவிகளைச் சோதித்தபோது, தூசி 80 முதல் 97 விழுக்காடு வரை குறைந்தது. மருந்து மாத்திரை எதுவுமின்றி, ஒரு குழாயை மாட்டியதனால் மட்டுமே கிடைத்த பயன் இது!

இயந்திரத்தின் அமைப்பு

நீண்ட கைப்பிடியின் நுனியில் வட்டமான தலை. இதுதான் இயந்திரத்தின் வடிவம். ஜெர்மானிய நிறுவனமான ஃபிளெக்ஸ் தன் இயந்திரத்திற்கு ‘ஜிராஃப்’, அதாவது ஒட்டகச்சிவிங்கி என்றே பெயரிட்டுள்ளது. பெரும்பாலானவற்றில் தலையின் விட்டம் 225 மில்லிமீட்டர்; ஏறத்தாழ ஒன்பது அங்குலம். கழுத்து எப்பக்கமும் வளைந்து கொடுப்பதால், நின்ற இடத்திலிருந்தே சுவரின் உச்சியையும் கூரையையும் எட்டலாம். எடை நான்கைந்து கிலோ இருக்கும்.

தலையில் ஒட்டப்படும் வட்ட உப்புத்தாளில் துளைகள் உள்ளன. தாளைத் தாங்கும் மெத்தையிலும் துளைகள் உண்டு. தலையைச் சுற்றித் தூரிகை போன்ற மயிர் வளையம் ஒன்று சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். தேய்த்த நொடியிலேயே தூசி அவ்வளையத்திற்குள் அகப்பட்டு, துளைகளின் வழியே கழுத்துக்குழலில் இழுக்கப்பட்டு, பின்புற வாயில் மாட்டிய குழாய் மூலம் உறிஞ்சிக்குள் சென்று அடைகிறது. இழுக்கும் உறிஞ்சி இல்லையென்றால் இந்த அமைப்பு முழுதும் வீண். சுழலும் தலை விசிறிபோல் தூசியை அறையெங்கும் வீசும். என் வீட்டில் நடந்தது அதுதான்.

உறிஞ்சியில் தரம் உண்டு

வீட்டில் பாய், மெத்தை சுத்தம் செய்யும் சிறிய வேக்குவத்தைக் குழாயில் மாட்டிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டா. பட்டித் தூசி முகப்பவுடரைப்போல் நுண்ணியது. அதன் வடிகட்டியைச் சிறிது நேரத்திலேயே அடைத்துவிடும். காற்றோட்டம் நின்று மோட்டார் சூடேறிக் கருகும். அதைவிடத் தீங்கு, மலிவான வடிகட்டியின் வழியே நுண்தூசி பின்பக்கமாக மீண்டும் அறைக்குள் வருவது. பருந்தூசியைப் பிடித்து நுண்தூசியை வெளியே விடும் உறிஞ்சி, தீங்கைக் கண்ணுக்கு மறைத்துவிடுகிறதேயன்றி நீக்குவதில்லை.

ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய உறிஞ்சிகளை எல், எம், எச் என மூன்று வகுப்பாகப் பிரித்துள்ளனர். எல் வகுப்பு 99 விழுக்காடு தூசியைப் பிடித்து வைக்க வேண்டும்; எம் வகுப்பு 99.9 விழுக்காடு, எச் வகுப்பு 99.995 விழுக்காடு. எழுத்தில் பார்த்தால் சிறு வேறுபாடுதானே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள்: பத்தாயிரம் பங்கு தூசி உள்ளே போனால், எல் வகுப்பில் நூறு பங்கும், எம் வகுப்பில் பத்துப் பங்கும் வெளியே வரலாம். கட்டட வேலைத் தூசிக்கு எம் அல்லது எச் வகுப்பு வேண்டும் என்பது பிரிட்டன் அரசின் பாதுகாப்புத் துறை கூறும் அறிவுரை. எம் வகுப்பில் மற்றொரு வசதியும் உண்டு. குழாயில் காற்றின் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குக் கீழே குறைந்தால் அது ஒலியெழுப்பி எச்சரிக்கும்.

உறிஞ்சிக்குள் நுண்தூசிக்கென விற்கும் பையைப் போட்டுக்கொள்வது நல்லது. பை நிறைந்ததும் வாயைக் கட்டி அப்படியே அப்புறப்படுத்தலாம். பையின்றித் தொட்டியில் சேர்த்துக் குப்பையில் தட்டினால், நாள் முழுதும் பிடித்ததைக் கடைசி ஐந்து நிமிடத்தில் மூச்சில் வாங்கியதாகிவிடும்.

தேய்க்கும் முறை

தம் வீட்டைத் தாமே செப்பனிடும் இளைஞர்கள் நம்மிடையே பெருகி வருகின்றனர். அவர்களுக்காகவும், வேலைக்கு ஆள் வைத்துவிட்டு மேற்பார்வை செய்வோருக்காகவும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் அறையை ஒழித்துக்கொள்ளுங்கள். எடுக்க முடியாத பொருளைப் பாலிதீன் விரித்து மூடுங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்துங்கள். வீட்டின் உட்பக்கக் கதவை மூடி அடியில் ஈரத்துணியைச் செருகுங்கள். வெளிப்பக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள். பட்டி முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரப் பட்டி தாளில் அப்பிக்கொண்டு சுவரைக் கீறும்.

எண் 120 அல்லது 150 உப்புத்தாளில் தொடங்கி, எண் 220-இல் முடிப்பது வழக்கம். தாளின் துளைகள் மெத்தையின் துளைகளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் உறிஞ்சி இழுத்தும் பயனில்லை.

உறிஞ்சியை முதலில் ஓடவிட்டு, அதன்பின்பே இயந்திரத்தை இயக்குங்கள். தலையைச் சுவரில் மெல்லச் சேர்த்து, அது சமமாகப் பொருந்தியபின் சிறிதளவு அழுத்தம் கொடுத்தால் போதும். அழுத்தினால் விரைவில் முடியும் என்பது தவறான எண்ணம். அழுத்தினால் பிறைவடிவக் குழிகள் விழும். ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒரு வீச்சின் மேல் மறு வீச்சுப் பாதி படியுமாறு நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பலகைச் சுவரானால் காகிதம் வெளித்தெரியும்வரை தேய்க்கலாகாது. காகிதம் நார்நாராய் எழுந்துவிட்டால் வண்ணம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இழுப்புவிசை மிகுந்தால் தலை சுவரைக் கவ்விக்கொண்டு குதிக்கும். அப்போது உறிஞ்சியை அணைக்காமல் விசையை மட்டும் குறைக்க வேண்டும். கூரையைத் தேய்க்கும்போது சற்று மிகுந்த விசை நன்மையே. தலையை அது மேலே பிடித்துக்கொள்வதால் தோள் வலி குறையும். மூலைகளில் வட்டத் தலை எட்டாது. அங்கே கையால் தேய்த்துத்தான் ஆக வேண்டும். உறிஞ்சிக் குழாயின் வாயை அருகில் வைத்துக்கொண்டு தேய்க்கலாம்.

சுவர் சமமாகிவிட்டதா என அறிய, டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். முடிக்கும்போது இயந்திரத்தை முதலில் நிறுத்தி, உறிஞ்சியைச் சில நொடிகள் கூடுதலாக ஓடவிட்டால் குழாயில் தங்கிய தூசியும் உள்ளே போய்விடும். உலர்ந்த தூசி ஓடும் குழாயில் நிலைமின்சாரம் சேர்ந்து சுரீரென்று தாக்குவதுண்டு. அதைத் தடுக்கும் வகைக் குழாய்கள் விற்கப்படுகின்றன. இணைப்பு நில இணைப்புள்ள மின்வாயிலிருந்தே எடுக்கப்பட வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தரையில் எஞ்சிய தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். உறிஞ்சியால் இழுத்துவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். துணிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதும் கூடாது.

முகமூடியும் தாடியும்

உறிஞ்சி இருந்தாலும் முகமூடி வேண்டும். வாயில் கட்டிய துண்டும், முந்தானையும், கைக்குட்டையும் பருந்தூசியைத் தடுக்குமேயன்றி நுண்தூசியைத் தடுக்கமாட்டா. கொரோனாக் காலத்தில் நாம் அறிந்துகொண்ட என்95 முகமூடியோ, ஐரோப்பிய எஃப்எஃப்பி2 முகமூடியோ தேவை.

இங்கே நம்மவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இத்தகைய முகமூடி பயன் தருவது, அதன் விளிம்பு தோலோடு இடைவெளியின்றி ஒட்டியிருந்தால் மட்டுமே. தாடி வைத்திருப்பவர் முகத்தில் விளிம்பு மயிர்மீது படிவதால், காற்று வடிகட்டியைத் தவிர்த்துப் பக்கவாட்டில் நுழைந்துவிடும். எனவே தாடியுள்ள தொழிலாளிக்கு அம்முகமூடி முழுப் பாதுகாப்பன்று. அவருக்கு உரியது, சிறு மோட்டார் மூலம் தூய காற்றைச் செலுத்தும் தளர்வான தலைக்கவச வகை. அது விலை மிகுந்தது. நம் ஊர்ப் பெயின்டர் ஒருவர் வாங்கக்கூடியதன்று. தாடியை எடுக்கவும் அவர் மனம் ஒப்பமாட்டார். அப்படியானால், தூசி அவர் முகம்வரை வராமல் சுவரிலேயே பிடித்துவிடுவதைத் தவிர வேறு எளிய வழி ஏது? என் வீட்டில் தேய்த்தவர் தாடி வைத்த பெரியவர். அவருக்குக் கிடைக்கவேண்டிய முதல் பாதுகாப்பையே நான் பேரத்தில் கழித்திருந்தேன்.

பழைய வண்ணம்: ஓர் எச்சரிக்கை

புதுப் பட்டியைத் தேய்ப்பது ஒன்று. பழைய வண்ணத்தைத் தேய்ப்பது வேறொன்று. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்னும் விதி 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பழைய வண்ணங்களில், குறிப்பாகக் கதவு, சன்னல்களுக்கு அடித்த எனாமல் வண்ணங்களில், ஈயம் இருக்கக்கூடும். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. ஆகவே பழைய எனாமலை இயந்திரத்தால் உலரத் தேய்க்காதீர்கள். நனைத்துக் கையால் சுரண்டச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அந்நாளில் வேறு வீட்டில் தங்க வையுங்கள்.

மேஸ்திரியிடம் கேட்க வேண்டியவை

வேலை பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டு: எவ்வளவு, எத்தனை நாள்? இனி இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இயந்திரத்தோடு உறிஞ்சி வருமா? அதில் நுண்தூசிப் பை உண்டா? ஆட்களுக்கு முகமூடி யார் தருவது? உறிஞ்சிக்கு வாடகை தனியென்றால் அதை நான் தருகிறேன் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஏனெனில் அதை நாம் சொல்லாவிட்டால் எவரும் சொல்லமாட்டார். மேஸ்திரிக்கு வேலை கைநழுவிவிடும் என்ற அச்சம். தேய்ப்பவருக்கோ கேட்கும் வழக்கமே இல்லை.

இயந்திரமே கிடைக்காத சிற்றூரில் என்ன செய்வது? நீண்ட கழியின் நுனியில் உப்புத்தாளைப் பொருத்தித் தேய்க்கச் சொல்லலாம். முகம் சுவரிலிருந்து விலகி நிற்பதால் தூசி குறையும். பட்டியை முதலிலேயே சீராக இழுத்துப் பூசும் கைத்திறனுள்ளவரை அமர்த்தினால் தேய்க்க வேண்டியதே குறைந்துவிடும். நல்ல கைவேலைக்குக் கொடுக்கும் கூடுதல் கூலி, தூசியைக் குறைக்கும் கூலியுமாகும்.

மாடிப்படியில் நின்றவர்

அன்று என் மைத்துனரின் சொல் கேட்டு, மீதி வேலைக்கு உறிஞ்சியை வாடகைக்கு வரவழைத்தேன். நான் பேரம் பேசிக் குறைத்த தொகையிலும் அதன் வாடகை குறைவாகவே இருந்தது. அடுத்த இரு நாளும் அதே ஆட்கள், அதே இயந்திரம், அதே பட்டி. ஆனால் தேய்க்கும் அறையில் நின்று என்னால் பேச முடிந்தது. மாமியார் தம் அறையில் நிம்மதியாக உறங்கினார்.

கடைசி நாள் மாலை, அந்தப் பெரியவர் தேநீருக்காகக் கீழே வந்துவிட்டு மீண்டும் மாடியேறினார். எட்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தோள்கள் ஏறி இறங்கின. நான் விரைந்து சென்று, “என்ன பாய், உடம்புக்கு என்ன?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க அஜரத். படி ஏறினா இப்படித்தான். நம்ம தொழில்லே இது சகஜம்.”

“எத்தனை வருஷமா இந்தத் தொழில்?”

“முப்பது இருக்கும். எல்லாம் கையிலே தேய்ச்சதுதான். நேத்தும் இன்னிக்கும்தான் தூசி இல்லாம தேய்ச்சேன்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். வேலை முடியட்டும் என்றார். வேலை முடிந்ததும் நானே அழைத்துச் சென்றேன். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், போன மூச்சைத் திருப்பித் தர மருந்தில்லை, இருப்பதைக் காக்கலாம், தூசி வேலைக்குப் போகாதீர்கள் என்றார். “வேறே என்ன வேலை தெரியும் எனக்கு?” என்று அவர் என்னைத்தான் கேட்டார், மருத்துவரை அன்று.

திருமணத்திற்கு வந்தவர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்து, “கண்ணாடி மாதிரி இருக்கே!” என்று வியந்தனர். நான் தலையசைத்தேன். என் கண் மாடிப்படியின்மேல் இருந்தது. முப்பது ஆண்டுகளில் அவர் எத்தனை வீட்டுச் சுவர்களைத் தேய்த்திருப்பார்! அத்தனை வீட்டாரும் என்னைப்போலவே தொகையைக் குறைத்து மகிழ்ந்திருப்பார்கள். ஒருவரும் கெட்டவர் அல்லர். எவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாசகர்களே, எனக்கு இப்போது தெரியும். இதைப் படித்தபின் உங்களுக்கும் தெரியும். அடுத்த முறை உங்கள் வீட்டுச் சுவருக்குப் பட்டி வைக்கும்போது, தேய்க்கும் இயந்திரத்தின் பின்னால் குழாய் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். இல்லையென்றால் வேலையை நிறுத்தி, அதை வரவழைத்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.